ஓதுவதும் படிப்பதும்

நம் இல்லங்களில் வழங்கும் இரண்டு வினைச்சொற்களைப் பற்றி நெடுநாளாக எண்ணி வருகிறேன். வைகறைத் தொழுகை முடிந்தபின் பள்ளிவாசலுக்குச் செல்லும் பிள்ளையைப் பற்றி யாரேனும் கேட்டால், "ஓதப் போயிருக்கிறான்" என்கிறோம். அதே பிள்ளை ஒன்பது மணிக்குப் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால், "படிக்கப் போயிருக்கிறான்" என்கிறோம். ஓதுவதற்கு ஓரிடம், படிப்பதற்கு வேறோரிடம். ஓதிக் கொடுப்பவர் ஹஜரத். படித்துக் கொடுப்பவர் வாத்தியார். ஓதும் பள்ளிக்கு வெள்ளியன்று விடுமுறை. படிக்கும் பள்ளிக்கு ஞாயிறன்று விடுமுறை. விடுமுறை நாள்கூட ஒன்றாக வாய்க்காத இரண்டு கல்விகளை ஒரு சின்னஞ்சிறு தலை சுமந்து திரிகிறது.

இந்தப் பிரிவினையைத் தமிழ் நமக்குக் கற்பிக்கவில்லை. தொழுமிடத்தைப் பள்ளிவாசல் என்றும் கற்குமிடத்தைப் பள்ளிக்கூடம் என்றும் அழைக்கும் மொழி இது. மேலூர்ப் பக்கத்து மாங்குளம் மலைக்குகைகளில், ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் தமிழ்பிராமி எழுத்தில் பொறித்த கல்வெட்டுகளிலேயே, சமண முனிவர்களின் உறைவிடத்தைக் குறிக்கப் பள்ளி என்னும் சொல் வந்துவிட்டது. தவம் செய்தோர் இருந்த இடமே பாடம் கேட்கும் இடமும் ஆயிற்று என்பர் அறிஞர். மதுரைச் சமவெளியைச் சுற்றி நிற்கும் குன்றுகள் வணக்கத்தையும் கல்வியையும் ஒரே சொல்லால் அறிந்தவை.

அரபு மொழியும் இப்பிரிவினையை அறியாது. ஹிரா குகையில் அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு இறங்கிய முதற்சொல் "இக்ரஃ" என்பது. அச்சொல்லுக்கு ஓதுக என்றும் பொருள். படிக்க என்றும் பொருள். அதனைத் தொடர்ந்த வசனங்களிலேயே எழுதுகோலும் பேசப்படுகிறது. இரண்டு பொருளையும் தாங்கிய அந்த ஒரே கட்டளையை நாமே இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைப் பள்ளிவாசலிலும் மறுபாதியைப் பள்ளிக்கூடத்திலும் வைத்துவிட்டோம். அதன் விளைவைச் சிந்திக்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது.

வேன் வரும் நேரம்

முப்பதாண்டுகளுக்கும் மேலாக மதுரையில் கணக்கு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். காஜிமார் தெரு, நெல்பேட்டை, மகபூப்பாளையம், கோரிப்பாளையம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்த பிள்ளைகள் பலர் என்னிடம் படித்தார்கள். அவர்களுள் ஓதிவிட்டு வந்த பிள்ளையை முதல் வாரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வேன். அப்பிள்ளைக்குச் செவி கூர்மையாக இருக்கும். ஓர் எழுத்தை அடித்தொண்டையில் ஒலிப்பதா, நுனிநாவில் ஒலிப்பதா என்று ஹஜரத்திடம் பத்து முறை திருத்தம் பெற்ற பிள்ளை, வாய்பாட்டில் ஒரு சொல் பிசகினாலும் தானே நின்று திருத்திக்கொள்ளும். ஜபர், ஜேர், பேஷ் என்று ஒவ்வொரு குறியாகக் கூட்டி ஓதிய பழக்கம், கணக்கில் ஒவ்வோர் அடியாக எழுதும் பழக்கமாக மாறிவிடும். மக்தபு தரும் இந்தக் கொடையை நம்மவரே குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

ஆனால் அதே பிள்ளையிடம் வேறொன்றையும் கண்டிருக்கிறேன். பொருள் கேட்கும் பழக்கம் அதற்கு இராது. யாசீனை மனப்பாடமாக ஓதும்; அதில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்றால் விழிக்கும். வாய்பாட்டையும் அப்படியே ஒப்பிக்கும். ஏழெட்டு ஏன் ஐம்பத்தாறு என்றால் விழிக்கும். ஓதுமிடத்தில் வேரூன்றிய குறை படிக்குமிடத்திலும் கிளை விடும். இரண்டு கல்வியும் வேறு வேறு என்று நாம் எண்ணினாலும், பிள்ளையின் உள்ளம் ஒன்றுதான்.

இன்றோ அந்த வைகறை மக்தபே தேய்ந்து வருகிறது. காரணம் யாருடைய இறைமறுப்பும் அன்று. வேன் வரும் நேரமே காரணம். காலை ஏழேகாலுக்குத் தெருமுனையில் பள்ளி வேன் வந்து நின்றால் ஓதுவதற்கு நேரமேது? மாலை ஐந்துக்குத் திரும்பும் பிள்ளையைத் தனிப்பயிற்சி வகுப்பு இழுத்துக்கொள்கிறது. திருமங்கலம், மேலூர், சோழவந்தான் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து நகரத்துப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு வழிப்பயணமே கணிசமான நேரத்தை விழுங்கிவிடுகிறது.

மூன்று வழிகள்

இந்நிலையில் பெற்றோர் மூன்று வழிகளில் ஒன்றை நாடுகிறார்கள்.

முதலாவது, பத்து வயதோடு ஓதுவதை நிறுத்திவிடுவது. "குர்ஆனை ஒருமுறை முடித்துவிட்டாள், அது போதும், இனி அரசுத் தேர்வு இருக்கிறது" என்பார்கள். பத்து வயதுக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்த அளவிலேயே அப்பிள்ளையின் மார்க்க அறிவு நின்றுவிடும். உலக அறிவோ ஆண்டுதோறும் வளரும். இருபது வயதில் அவள் வேதியியலில் முதுநிலை மாணவி; மார்க்கத்தில் இன்னும் பத்து வயதுச் சிறுமி. வளர்ந்த அறிவு எழுப்பும் கேள்விக்கு வளராத அறிவு விடை சொல்ல இயலுமா?

இரண்டாவது, பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு ஹிஃப்ழுக்கு அனுப்புவது. திருமறையை நெஞ்சில் சுமப்பது பெரும் பேறு. அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஆறாம் வகுப்பில் வெளியே வந்து மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பும் பிள்ளை எங்கே போய் உட்காரும்? மீண்டும் அதே வகுப்பில், தன்னைவிடச் சிறியவர்களோடு உட்கார நாணிப் படிப்பையே விட்டவர்களை நான் அறிவேன். ஹாபிஸ் என்ற மதிப்போடு ஊருக்கு வந்த பிள்ளை, பிழைப்புக்குக் கடையில் கணக்கெழுதத் தெரியாமல் நிற்பதைக் காணும்போது நெஞ்சு பதைக்கிறது. நினைவாற்றலில் நம் பிள்ளைகளிலேயே தலைசிறந்தவர்களை அல்லவா நாம் இப்படி நிறுத்தி வைக்கிறோம்!

மூன்றாவது, "இஸ்லாமியப் பள்ளி" என்று பெயர்ப்பலகை தாங்கிய தனியார் பள்ளிகளில் சேர்ப்பது. தொழுகைக்கு இடமும் அரபுப் பாடமும் தூய சூழலும் அங்குண்டு; பெண்மக்களைத் தயக்கமின்றி அனுப்பவும் முடிகிறது. இவை எளிய நன்மைகளல்ல. இருந்தும் கட்டணம் ஏழைக்கு எட்டுவதில்லை. மேலும், அங்கேயும் மூன்றாம் பாடவேளையில் அரபு ஆசிரியர் வந்து போகிறார். நான்காம் பாடவேளையில் அறிவியல் ஆசிரியர் வந்து போகிறார். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு கட்டடங்களாக இருந்தவை ஒரே கட்டடத்தின் இரண்டு அறைகளாயின. நடுச்சுவர் அப்படியே நிற்கிறது.

ஒரே கயிறு, ஒரே நிழல்

அச்சுவர் இடிய என்ன செய்வது? சில ஆண்டுகளாக, விடுமுறை நாள்களில் எங்கள் பகுதிப் பிள்ளைகள் சிலரை வைத்து, ஹஜரத்தும் நானும் சேர்ந்து பாடம் நடத்துகிறோம். அதில் மூன்று பாடங்களை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கிப்லா முதற்பாடம். நாம் மேற்கு நோக்கித் தொழுகிறோம் என்றே பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். தட்டையான நிலப்படத்தில் மதுரைக்கும் மக்காவுக்கும் இடையே கோடு கிழிக்கச் சொன்னேன். அக்கோடு மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 17 பாகை சாய்ந்தது. பின்னர் உலக உருண்டையில் அதே இரு ஊர்களுக்கிடையே ஒரு கயிற்றை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். மதுரையில் அக்கயிறு மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 22 பாகை சாய்ந்து புறப்பட்டது. இடையே இந்த ஐந்து பாகை எங்கிருந்து வந்தது? பூமி உருண்டை என்பதிலிருந்து வந்தது. கஜ்னி நகரின் கிப்லாவைத் துல்லியமாக அறியும் பொருட்டே அல்பீரூனி பதினோராம் நூற்றாண்டில் ஒரு தனிநூல் எழுதினார் என்று நான் சொன்னேன். தொலைவில் இருப்போர்க்குத் திசையை நோக்கினாலே போதும் என்ற சட்ட அறிஞர்களின் கருத்தை ஹஜரத் விளக்கினார். புவியியலும் ஃபிக்ஹும் ஒரே கயிற்றின் இரு முனைகளாக அன்று அப்பிள்ளைகளின் கையில் இருந்தன.

நிழல் இரண்டாம் பாடம். மதுரையில் ஹனஃபிகள் மிகுதி. கடற்கரை ஊர்களிலிருந்து வந்து குடியேறிய ஷாஃபி குடும்பங்களும் உண்டு. அஸர் நேரம் இருவர்க்கும் ஏன் வேறுபடுகிறது என்று ஒரு சிறுமி கேட்டாள். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதி வாரத்திலும் மதுரையில் உச்சி வேளையில் கதிரவன் நேர் தலைக்கு மேல் நிற்கும்; நட்ட குச்சிக்கு நிழலே இராது. அந்நாளில் ஒரு முழக்கோலை நட்டோம். நிழலும் ஒரு முழமானபோது, "இதுவே ஷாஃபிகளுக்கு அஸரின் தொடக்கம்" என்றார் ஹஜரத். கதிரவன் அடிவானத்திலிருந்து 45 பாகை உயரத்தில் நின்றது. நிழல் இரண்டு முழமாக நீண்டபோது ஹனஃபிகளின் நேரம் வந்தது. கதிரவனின் உயரம் ஏறத்தாழ 27 பாகையாகக் குறைந்திருந்தது. முக்கோணவியலை அச்சத்தோடு பார்த்த பிள்ளைகள் அன்று அதனைத் தொழுகையின் அளவுகோலாகக் கண்டார்கள். இரு சாராரும் ஒரே நிழலைத்தான் அளக்கிறார்கள் என்பதையும் கண்டார்கள். இப்படிக் கண்ட பிள்ளை, நாளை மத்ஹபு வேறுபாட்டுக்காகத் தெருவில் நின்று சண்டையிடாது என்று நம்புகிறேன்.

மூன்றாம் பாடம் சொத்துப் பங்கீடு. ஒருவர் இறந்தார், கடனும் மரண சாசனமும் போக எஞ்சியது 96,000 ரூபாய். பெற்றோர் முன்பே மறைந்துவிட்டனர். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் உள்ளனர். மனைவிக்கு எட்டில் ஒன்று, 12,000. எஞ்சிய 84,000 நான்கு பங்காகும். மகனுக்கு இரண்டு பங்கு 42,000. மகள் ஒவ்வொருத்திக்கும் 21,000. பின்னக் கணக்குக்கு இதைவிட உயிருள்ள பயிற்சி எந்தப் பாடநூலில் இருக்கிறது? அல்ஜீப்ரா என்ற பெயருக்கே மூலமான நூலை ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதிய அல்குவாரிஸ்மி, அந்நூலின் பெரும்பகுதியை மரண சாசனங்களையும் பங்கீட்டையும் பற்றிய கணக்குகளுக்கே ஒதுக்கினார்.

கணக்கு முடிந்ததும், பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி என்னைப் பார்த்து, "சார், எங்க அம்மாவுக்கு நன்னா வீட்டிலே பங்கே கொடுக்கலையே?" என்றாள். ஹஜரத்தும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "கொடுத்திருக்க வேண்டும், அம்மா" என்று ஹஜரத் தணிந்த குரலில் சொன்னார். மார்க்கம் வகுத்த பங்கை ஓதியவர்கள் பலர். அதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தவர்கள் சிலர். ஓதியதும் படித்ததும் ஒரு சிறுமியின் உள்ளத்தில் சந்தித்த அந்நேரம் ஒரு நீதி கேட்கப்பட்டது. இணைப்புக் கல்வி என்று நான் சொல்வது இதைத்தான்.

கண்டி வழக்கறிஞர் காட்டிய வழி

முன்னோர்க்கு இக்கவலை புதிதன்று. பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்து, மீட்புத்தொகை செலுத்த வழியில்லாதவர், பத்துச் சிறுவர்க்கு எழுத்தறிவித்தால் விடுதலை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்தார்கள் என்பது வரலாறு. அந்த ஆசிரியர்கள் முஸ்லிம்கள் அல்லர். நேற்றுவரை வாளேந்தி எதிர்த்தவர்கள். அறிவு எவரிடமிருந்து வந்தாலும் பெறலாம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

தமிழ் பேசும் முஸ்லிம்களிடையே இதைச் செயலாக்கியவர்களுள் முன்னோடி, இலங்கைக் கண்டியில் 1838-இல் பிறந்த அறிஞர் சித்திலெப்பை. மிஷன் பள்ளிக்கு அனுப்பினால் ஈமான் போய்விடும் என்று அஞ்சிப் பெற்றோர் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்திருந்த காலம் அது. வழக்கறிஞரான அவர் அவ்வச்சத்தை ஏளனம் செய்யவில்லை. அதற்கு அடிபணியவும் இல்லை. 1882-இல் "முஸ்லிம் நேசன்" இதழைத் தொடங்கிக் கல்வியின் தேவையை வாரந்தோறும் எழுதினார். 1884-இல் கொழும்பில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அம்முயற்சி தளர்ந்தபோதும் சோரவில்லை. வாப்பிச்சி மரைக்காயர் போன்றோரின் துணையோடும், எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இலங்கையில் இருந்த ஒராபி பாஷாவின் ஆதரவோடும் 1892-இல் மருதானையில் பள்ளி மீண்டும் எழுந்தது. அதுவே பின்னர் ஸாஹிராக் கல்லூரி என்று புகழ்பெற்றது. அப்பள்ளி மருதானைப் பள்ளிவாசலின் நிழலிலேயே வளர்ந்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நம் பக்கத்திலும் பெருமைக்குரிய பணிகள் நடந்துள்ளன. திருச்சியில் 1951-இல் ஜமால் முகம்மது கல்லூரியும், உத்தமபாளையத்தில் 1956-இல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதிய்யா கல்லூரியும், நம் மதுரையில் 1964-இல் வக்பு வாரியக் கல்லூரியும் எழுந்தன. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எத்தனையோ பேரை அவை உருவாக்கின. ஆயினும் கல்லூரிக்கு வரும் இளைஞனுக்கு வயது பதினேழு. ஓதுவதும் படிப்பதும் வேறு என்ற பிரிவு அதற்குள் அவன் உள்ளத்தில் இறுகிவிட்டிருக்கும். அதைத் தடுக்க வேண்டிய வயது ஏழு. தடுக்க வேண்டிய இடம் தெருப் பள்ளிவாசலும் தொடக்கப் பள்ளியும்.

தமிழையும் இங்கே மறந்துவிடலாகாது. 1901-இல் மதுரையில் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கத்தைப் போற்றிப் "புலவராற்றுப்படை" பாடியவர் நாகூர் குலாம் காதிறு நாவலர். மார்க்கப் பற்றும் செந்தமிழ்ப் புலமையும் அவரிடம் முரண்படவில்லை. ஆங்கில வழியில் படித்து, அரபு எழுத்தைக் கூட்டி ஓதி, இரண்டுக்கும் இடையே தமிழை இழந்துவிடும் பிள்ளை, சீறாப்புராணம் தன் முன்னோர் சொத்தென்பதை அறியாமலே வளர்கிறது. ஓதியதன் பொருள் உள்ளத்தில் இறங்க வேண்டுமானால் அது தாய்மொழி வழியே அன்றோ இறங்கும்?

ஓர் எச்சரிக்கை

இணைப்பு என்ற பெயரில் பரவிவரும் ஒரு போக்கையும் குறிப்பிட்டாக வேண்டும். புதிதாக எந்த அறிவியல் செய்தி வந்தாலும், "இது எங்கள் வேதத்தில் முன்பே இருக்கிறது" என்று கைபேசியில் அனுப்புவது இன்று வழக்கமாகிவிட்டது. நல்லெண்ணத்தோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் அறிவியல் தன் முடிவுகளைத் திருத்திக்கொண்டே செல்வது. இன்றைய முடிவோடு இறைமறையைக் கட்டிவைத்தால், நாளை அம்முடிவு மாறும்போது நம் பிள்ளை எதைச் சந்தேகிக்கும்? ஒரு நபிமொழியை ஏற்பதற்கு முன் அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்று ஊர் ஊராய்ச் சென்று ஆராய்ந்த இமாம் புகாரி போன்றோரின் வழித்தோன்றல்கள் நாம். மூலம் தெரியாத செய்தியை மார்க்கத்தின் பெயரால் பரப்புவது அவர்களுக்கும் இழுக்கு, அறிவியலுக்கும் இழுக்கு. சான்று கேட்கும் பண்பே ஓதுவதற்கும் படிப்பதற்கும் பொதுவான அளவுகோல்.

செய்யத்தக்கவை

பெரும் பொருட்செலவில் புதுப்பள்ளி கட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும் ஓய்வு பெற்ற ஆசிரியர் இருவரேனும் இருப்பர். பள்ளிவாசல் நிர்வாகம் அவர்களை அழைத்து ஹஜரத்தோடு அமரச் செய்யலாம். வேன் நேரத்தால் வைகறையில் ஓத முடியாத பிள்ளைகளுக்கு மஃரிபுக்குப் பின் அரை மணி நேரமும், விடுமுறை நாளில் இரண்டு மணி நேரமும் ஒதுக்கலாம். தொழுகையில் ஓதும் சிறு சூராக்களின் பொருளைத் தமிழில் கற்பிப்பதைக் கட்டாயமாக்கலாம். ஹிஃப்ழுக்குச் செல்லும் பிள்ளை, பள்ளி வகுப்பை விடாமல் தேர்வெழுத வழி செய்யும் மதரசாவையே பெற்றோர் தேடவேண்டும். சிறுமியர்க்கும் சிறுவர்க்கும் இவை ஒன்றாகவே கிடைக்கவேண்டும்.

சட்டமும் நமக்குத் தடையில்லை. சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசியல் சாசனத்தின் 30-ஆம் பிரிவு தந்திருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் சமயப் போதனைக்கு வருமாறு எவரையும், சிறுவராயின் பெற்றோரின் இசைவின்றி, கட்டாயப்படுத்தலாகாது என்று 28-ஆம் பிரிவு காக்கிறது. நம் பிள்ளைக்கு மார்க்கம் கற்பிக்கும் உரிமையும், நம் பள்ளியில் படிக்கும் பிற சமயப் பிள்ளையின் மனச்சான்றைக் காக்கும் கடமையும் ஒரே சட்டத்தில் உள்ளன. இரண்டையும் பேணுவதே நமக்கு அழகு.

எங்கள் வகுப்பில் இப்போது பதினெட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், எண்ணிக்கை சிறிதுதான். தன் தாய்க்குப் பங்கு கேட்ட அச்சிறுமி இன்றும் வருகிறாள். அவளுடைய மாமன்மார் இருவர் ஹஜரத்தைச் சந்தித்துக் கணக்கைக் கேட்டுச் சென்றிருக்கிறார்கள். இறைவன் நாடினால் அது நிறைவேறும். நம் மஹல்லாக்கள் அனைத்திலும் இத்தகைய கேள்விகள் எழவேண்டும்; விடை சொல்ல ஹஜரத்தும் ஆசிரியரும் ஒரே பாயில் அமர்ந்திருக்கவேண்டும். வல்ல இறைவன் அதற்கு அருள் புரிவானாக.